'இருந்தாலும்' விதி: புதிதாக வந்தவர்களுக்கு எளிய விளக்கம்

அந்தத் துண்டுப் பிரசுரத்தை எழுதியது நான்தான். அட்டையில் கனடாவின் தேசிய விலங்கான பீவர் ஒன்று கம்பளித் தொப்பி போட்டுக் கையசைத்துக்கொண்டிருக்கும். பதினொரு மொழிகளில் வந்திருக்கிறது. ஓட்டுநர் உரிமம் வாங்கும் இடத்திலும், நூலகத்திலும், ஆஸ்பத்திரி வரவேற்பறையிலும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் 'எளிய மொழி ஆலோசனை: லோர்ன் கோஸ்டியுக்' என்று இருக்கும். என் அம்மா அந்த வரியைக் கத்தரித்துக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். எடுத்துவிடும்படி இரண்டு முறை கேட்டேன். நான் அடக்கத்தில் சொல்வதாக நினைத்துக்கொண்டாள்.

சட்டப்படி என் மேல் எந்தத் தவறும் இல்லை. சட்டப்படி யார் மேலும் எந்தத் தவறும் இல்லை. பிரசுரம் சொல்வதும் அதைத்தான்.

எங்கள் மாகாணத் தலைநகரில், ஒரு லூத்தரன் சர்ச்சின் அடித்தளத்தில், புதிதாகக் குடியேறியவர்களுக்கான வரவேற்பு மையம் இருக்கிறது. அங்கே புதன்கிழமை வகுப்பு என்னுடையது. குடியுரிமைத் தேர்வுக்கான பாடங்கள். மாகாணங்கள் எத்தனை, பெரிய ஏரிகள் எவை, பனிக்காலத்தில் கார் டயரை எப்போது மாற்ற வேண்டும். இதையெல்லாம் உட்கார்ந்துகொண்டே நடத்துவேன். பாடப் புத்தகத்தின் ஏழாம் பக்கத்துக்கு மட்டும் எழுந்து நிற்பேன். ஏழாம் பக்கத்தில் உரிமைகள் இருந்தன. பேச, எழுத, கூட, கும்பிட, கும்பிடாமல் இருக்க. அதை வாசிக்கும்போது கனடா என்பது கரைக்கு அப்பால் விளக்கு எரியும் ஒரு பெரிய கப்பல் மாதிரி எனக்குத் தோன்றும். நான் பிறந்ததே அந்தக் கப்பலில்தான் என்பது அந்த நேரத்தில் மறந்துவிடும்.

முதல் வரிசையில் எப்போதும் கிர்மாய் உட்கார்ந்திருப்பார். எரித்திரியாவிலிருந்து வந்தவர், நாற்பத்தெட்டு வயது, எண்ணெய் ஆலையில் வேலை. வகுப்பு முடியும்வரை கோட்டைக் கழற்ற மாட்டார். நான் சொல்வது அத்தனையையும் நோட்டில் எழுதுவார். நான் இருமினால்கூட பேனா ஒருகணம் தயங்கும்.

அவருடைய மனைவி அப்ரெஹெட்டுக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். காலையில் ஆஸ்பத்திரி வேன் வீட்டுக்கே வந்து சக்கர நாற்காலியோடு ஏற்றிக்கொண்டு போகும். அவர்கள் வீடு நெடுஞ்சாலையை ஒட்டிய கிளைச் சாலையில் இருந்தது. அது மாகாண அரசின் சாலை. பனி பெய்தால் அரசின் பனி தள்ளும் வண்டி வந்து சாலையைச் சுத்தமாக்கும். தள்ளிய பனி முழுவதையும் வீட்டு வாசல்களில் மேடாக விட்டுவிட்டுப் போகும். இடுப்பளவு வரும். ஒரு மணி நேரத்தில் கல்லாக இறுகிவிடும். மேடு முழங்காலுக்கு மேல் இருந்தால் வேன் கடக்கக் கூடாது, கால் மணி நேரம் காத்திருந்துவிட்டுப் போய்விட வேண்டும் என்பது வேன்காரர்களுக்கு விதி.

கிர்மாய் நெடுஞ்சாலைத் துறையின் உதவி எண்ணுக்கு ஒன்பது முறை போன் செய்தார். ஒன்பது முறையும் வருத்தம் தெரிவித்தார்கள். எங்கள் மாகாணத்தில் மன்னிப்புக் கேட்பதைத் தவற்றை ஒப்புக்கொண்டதாகக் கோர்ட்டு எடுத்துக்கொள்ளக் கூடாது என்று தனிச் சட்டமே இருக்கிறது. அதனால் எல்லோரும் தாராளமாகக் கேட்பார்கள்.

ஜனவரி முதல் வாரம், ஏழாம் பக்கம் முடிந்ததும் அவர் கையைத் தூக்கினார்.

"சார், ஒரு சந்தேகம். யாரும் தன் அபிப்ராயத்தச் சொல்லலாம்னு போட்டிருக்கு."

"ஆமா கிர்மாய்."

"எதப் பத்தி வேணா?"

"எதப் பத்தி வேணா."

"பனியப் பத்தி?"

வகுப்பே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. இதற்காகத்தானே இத்தனை வருடம் நின்றுகொண்டு நடத்தினேன்.

"பனியப் பத்தியும்தான்" என்றேன். "அதுவும் அரசாங்கத்துப் பனியப் பத்தி கண்டிப்பா சொல்லலாம்."

அடுத்த புதன்கிழமை ஒரு காகிதத்தோடு வந்தார். வாசல் பனிமேட்டில் நட்டு வைக்கும் பலகைக்கான வாசகம்: 'இந்தப் பனிக்குப் பின்னால் என் மனைவி இருக்கிறாள். செவ்வாய், வியாழன், சனி அவள் வெளியே வர வேண்டும். தயவுசெய்யுங்கள்.' நான் எழுத்துப் பிழை இரண்டைத் திருத்தினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"யாருக்குச் சொல்றோம்னு இருக்கணும் கிர்மாய். பொறுப்புல இருக்கறவர் பேரச் சொல்லிக் கேக்கணும். அதுதான் குடிமக்களோட முறை" என்று சொல்லி, மேலே 'மாண்புமிகு அமைச்சர் ப்ரென்ட் ஹௌகன் அவர்களே' என்று என் கையால் எழுதிக் கொடுத்தேன்.

பலகை நன்றாக வேலை செய்தது. நெடுஞ்சாலையில் போனவர்கள் வண்டியை நிறுத்தி இறங்கினார்கள். டிரக் டிரைவர் ஒருவர், ஹாக்கி மட்டையோடு போன இரண்டு பெண்கள், ஒரு பல் டாக்டர். பத்து நிமிடத்தில் வழி பண்ணிவிட்டு ஆளுக்கொரு கோப்பை காப்பியோடு போனார்கள். உள்ளூர் வானொலியில் செய்தி வந்தது. பிறகு மாகாணம் முழுவதும் பனிமேடுகளில் பலகைகள் முளைத்தன. எல்லாவற்றிலும் அமைச்சர் பெயர் முதல் வரியில் இருந்தது. ஒரு சர்ச் வாசலில் 'மாண்புமிகு ஹௌகன் அவர்களே, இயேசு இதன்மேல் நடந்து வந்துவிடுவார். எங்கள் போதகருக்கு வயது எழுபத்தெட்டு' என்று இருந்தது.

அமைச்சர் ஹௌகனின் நெடுஞ்சாலை மற்றும் நல்லுறவுத் துறை உடனே செயல்பட்டது. சாலையோரப் பனி மாகாணத்தின் சொத்து, அதில் பலகை நடுவது அத்துமீறல் என்று கிர்மாய்க்கு அபராதச் சீட்டு வந்தது. அவர் நோட்டை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார். நீதிபதி பன்னிரண்டு பக்கத்தில் தீர்ப்பு எழுதினார். பேச்சுரிமை பனியையும் உள்ளடக்கும், அபராதம் செல்லாது, பலகை இருக்கலாம்.

அந்தப் புதன்கிழமை கிர்மாய் வட்டமான பெரிய ரொட்டி ஒன்றைச் சுட்டு எடுத்து வந்தார். தேர்ச்சக்கரத்தின் ஆரங்கள்போல் விளிம்பிலிருந்து நடுவரை அதன்மேல் கோடுகள் போட்டிருந்தது. வகுப்பில் பதினான்கு பேரும் சாப்பிட்டோம். "சார், ஏழாம் பக்கம் உண்மைதான்" என்றார். எனக்குக் கண் கலங்கியது. அந்த உற்சாகத்தில்தான், வகுப்பு முழுவதையும் சட்டசபைக்கு அழைத்துப் போய் ஜனநாயகத்தை நேரில் காட்டுவது என்று முடிவு செய்தேன்.

எங்கள் சட்டசபையில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டம் தொடங்கியதும் பார்வையாளர் மாடத்தில் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று உறுப்பினர்கள் அறிமுகப்படுத்துவார்கள். பெயர் சொன்னவர் எழுந்து கையசைக்க வேண்டும். எல்லாக் கட்சிக்காரர்களும் மேசையைத் தட்டுவார்கள். நாங்கள் போன அன்று அமைச்சர் ஹௌகனே எழுந்தார். சிவந்த முகம், அன்பான கண்கள். பார்த்தால் பழைய கார் விற்பவர்போல் நம்பத் தோன்றும்.

"மாண்புமிகு சபாநாயகர் அவர்களே, இன்னைக்கு நம்ம மாடத்துல பதினாலு புதுச் சொந்தங்கள் வந்திருக்காங்க. அவங்களுக்கு உரிமைகளப் பத்திச் சொல்லித் தர்ற திரு. கோஸ்டியுக்கும் வந்திருக்கார். உரிமைன்னா என்னன்னு இந்த மாகாணத்துக்கே ஞாபகப்படுத்தின திரு. கிர்மாயும் வந்திருக்கார். எழுந்திருங்க சார், எழுந்திருங்க!"

கிர்மாய் கோட்டோடு எழுந்து நின்றார். மேசைகள் இடிமாதிரி அதிர்ந்தன. அவர் நெஞ்சில் கைவைத்துக் குனிந்தார். அவர் உட்கார்ந்ததும் அமைச்சர் அடுத்த தாளைப் புரட்டி, 'மாகாணப் பனி நல்லிணக்கச் சட்டம்' என்ற மசோதாவைத் தாக்கல் செய்தார்.

மாகாணப் பனிக்கு முப்பது மீட்டருக்குள், அந்தப் பனி குறித்துச் சொல்லாலோ எழுத்தாலோ சைகையாலோ யாரும் அதிருப்தி தெரிவிக்கக் கூடாது. இது பிரிவு இரண்டு. உரிமைச் சாசனத்தில் என்ன சொல்லியிருந்தாலும் இந்தச் சட்டம் செல்லும். இது பிரிவு மூன்று. அவ்வளவுதான் மசோதா.

எனக்குப் பக்கத்தில் இருந்த கிர்மாய் நோட்டைத் திறந்தார். "சார், என்ன சொல்லியிருந்தாலும்னா?"

நான் குனிந்து கிசுகிசுத்தேன். "சாசனத்துலயே அப்படி ஒரு விதி இருக்கு கிர்மாய். முப்பத்து மூணாம் பிரிவு. நாடாளுமன்றமோ மாகாண சட்டசபையோ, 'இந்த உரிமை இருந்தாலும் எங்க சட்டம் செல்லும்'னு வெளிப்படையா எழுதிட்டா, அது செல்லும். கோர்ட்டு அதத் தடுக்க முடியாது. அஞ்சு வருஷத்துக்கு."

"சாசனத்துலயேவா?"

"ஆமா. சாசனம் எழுதினப்ப மாகாண முதல்வர்கள் சிலபேர் கேட்டு வாங்கினது."

"ஏழாம் பக்கத்துல இல்லையே?"

"ஏழாம் பக்கத்துல இடம் இல்ல" என்றேன். எனக்கே அது கேவலமாகக் கேட்டது.

அமைச்சர் பேசத் தொடங்கியிருந்தார். "உரிமைகள என்னைவிட மதிக்கிறவங்க இந்த அவையில இல்ல. மதிக்கிறதாலதான் அத அடிக்கடி வெளிய எடுக்கக் கூடாதுங்கறேன். எங்க வீட்டுல கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டு இருக்கு. அதுலயா தினமும் சாப்பிடுறோம்? (மேசை தட்டல்.) நீதிபதி அம்மா ரொம்பப் படிச்சவங்க. ஆனா அவங்கள யாரும் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கல. என்னைத் தேர்ந்தெடுத்தாங்க. எட்டாயிரத்து நானூறு பேர். அந்த எட்டாயிரத்து நானூறு பேரும், திரு. கிர்மாய் மனைவி வீட்டுக்குள்ளயே இருக்கணும்னு எனக்கு ஓட்டுப் போடல. அது எனக்குத் தெரியும். ஆனா போடலைன்னும் யாரும் நிரூபிக்க முடியாது!"

எதிர்க்கட்சித் தலைவி ஆவேசமாக எழுந்தார். எனக்கு உயிர் வந்தது.

"இது வெட்கக்கேடு! இந்த விதிய எப்படிப் பயன்படுத்தணும்னு ஒரு மரபு இருக்கு. கனத்த மனசோட பயன்படுத்தணும். நாங்க ஆட்சியில இருந்தப்ப இரண்டு தடவ பயன்படுத்தினோம். இரண்டு தடவையும் எங்க முதல்வர் சாப்பிடவே இல்ல. இங்க அமைச்சர் சிரிச்சுக்கிட்டே பயன்படுத்துறார்!"

அவர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். பிரிவு மூன்றில் 'செல்லும்' என்பதற்கு முன்னால் 'வருத்தத்துடன்' என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். இதன்மேல்தான் விவாதம் சூடு பிடித்தது. 'ஆழ்ந்த வருத்தத்துடன்' என்று இருக்கலாமா என்று ஒருவர் கேட்டார். ஆழ்ந்த வருத்தம் என்று போட்டால் மாகாணம் ஏதோ தவறு செய்ததுபோல் ஆகிவிடும் என்றார் இன்னொருவர். மன்னிப்புச் சட்டம் இருக்கும்போது அந்தப் பயம் எதற்கு என்றார் மூன்றாமவர். மசோதாவுக்கு ஆன நேரம் பதினொரு நிமிடம். வருத்தத்துக்கு ஆனது இரண்டரை மணி நேரம். முடிவில் 'தகுந்த வருத்தத்துடன்' என்ற சொல்லோடு மசோதா ஒருமனதாக நிறைவேறியது. இரு தரப்பும் எழுந்து கைகுலுக்கிக்கொண்டார்கள்.

கிர்மாய் என் கையைத் தொட்டார். "சார், எனக்குத்தானே முதல்ல மேசையத் தட்டினாங்க?"

"ஆமா."

"அப்புறம் தட்டினது?"

"அது... பொதுவா" என்றேன்.

வெளியே வரும்போது வாசல் காவலர் எங்கள் எல்லோருக்கும் மாகாணக் கொடி போட்ட பேனா கொடுத்தார். கிர்மாய் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்.

அடுத்த வாரம் மாகாண அரசின் எளிய மொழிப் பிரிவிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. அதன் இயக்குநர் டார்லீன் ஃப்ரீசன் நல்ல பெண்மணி. தொலைவிலிருந்து வர வேண்டியிருந்ததற்கு மன்னிப்புக் கேட்டார். நான் இரண்டு தெரு தள்ளி இருந்துதான் வந்திருந்தேன். மேசையில் டோனட் பெட்டி, இரண்டு வக்கீல்கள், ஒரு பீவர் படம்.

"லோர்ன், புதுசா வந்தவங்க ரொம்பக் குழம்பிப் போயிருக்காங்க. உரிமை இருக்கா இல்லையான்னு கேக்குறாங்க. எளிமையா ஒரு விளக்கம் வேணும். உங்களத் தவிர யாராலயும் முடியாது. அவங்க உங்கள நம்புறாங்க."

"அதான் மேடம் எனக்குச் சங்கடமா இருக்கு."

"பாத்தீங்களா, என்ன அடக்கம்!" என்று அவர் வக்கீல்களிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்க மையத்தோட அனுமதி மார்ச்சுல புதுப்பிக்கணும் இல்ல? அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நீங்க தப்பா நினைக்கக் கூடாதுன்னு, சம்பந்தம் இல்லைன்னு எழுத்துலயே தந்துடுறேன்" என்று முத்திரை போட்ட ஒரு கடிதத்தைத் தந்தார்.

அந்தக் கடிதத்தைப் படித்தபிறகு நான் பேனாவை எடுத்தேன். சட்டசபையில் கொடுத்த பேனா.

கேள்வி பதிலாக எழுதுவது என்று முடிவானது. 'எனக்கு உரிமைகள் உண்டா? உண்டு.' அதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. 'சட்டசபை அவற்றைப் பறிக்க முடியுமா?' என்று இரண்டாவது கேள்வியை எழுதியதும் டார்லீன் முகம் சுருங்கியது.

"பறிக்கறதுன்னா திருடன் மாதிரி இருக்கு லோர்ன்."

"நிறுத்தி வைக்கறது?"

"ஸ்கூல்ல பசங்கள நிறுத்தி வைக்கிற மாதிரி இருக்கு" என்றார் முதல் வக்கீல்.

"உரிமை அப்படியேதான் இருக்கு. வேலை செய்யல, அவ்வளவுதான்" என்றார் இரண்டாம் வக்கீல். "லிஃப்ட் மாதிரி."

நான் ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாக்கியம் தானாக வந்தது. 'சில சமயம் உங்கள் உரிமைகள் ஓய்வெடுக்கும்.'

டார்லீன் டோனட்டைக் கீழே வைத்தார். "ஓய்வெடுக்கும்" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "லோர்ன், எனக்குப் புல்லரிக்குது."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் அந்த வாக்கியம் பிடித்திருந்தது. மீதியெல்லாம் தடையில்லாமல் வந்தது. எத்தனை நாள் ஓய்வெடுக்கும்? அதிகபட்சம் ஐந்து வருடம். பிறகு? சட்டசபை விரும்பினால் மறுபடி ஓய்வு கொடுக்கலாம். எத்தனை முறை? வரம்பு இல்லை. எல்லா உரிமைகளுமா? இல்லை. இரண்டாம் பிரிவும், ஏழிலிருந்து பதினைந்துவரை உள்ளவையும் மட்டுமே. ஓட்டுப் போடும் உரிமையைத் தொட முடியாது. நாட்டுக்குள் எங்கு வேண்டுமானாலும் போய் வாழும் உரிமையைத் தொட முடியாது. மொழி உரிமைகளையும் தொட முடியாது. 'ஆகவே உங்கள் பனி உங்களுக்குப் பிடிக்காவிட்டால், பனி இல்லாத இடத்துக்குக் குடிபோகும் உரிமை உங்களுக்கு எப்போதும் உண்டு' என்ற வரியைச் சேர்த்தது முதல் வக்கீல். அது என்னுடையது அல்ல. ஆனால் கமாவை நான்தான் போட்டேன்.

"இனி ஒண்ணுதான் பாக்கி" என்றார் டார்லீன். "சோதனை வாசகர். புதுசா வந்த ஒருத்தர் படிச்சுட்டு 'எனக்குப் புரிந்தது'ன்னு கையெழுத்துப் போடணும். உங்க வகுப்புல நல்லாப் படிக்கறவர் யாராவது?"

நான் சொல்லியிருக்க வேண்டாம். பெயர் வாயில் வந்துவிட்டது.

சனிக்கிழமை மதியம் கிர்மாய் வீட்டுக்குப் போனேன். வாசலில் பனிமேடு இடுப்பளவு இருந்தது. பலகை நின்ற இடத்தில் ஒரு குழி மட்டும் இருந்தது. ஏறிக் குதித்து உள்ளே போனேன். அப்ரெஹெட் சோபாவில் இரண்டு போர்வைக்குள் இருந்தார். கணுக்கால்கள் வீங்கியிருந்தன. காலையில் வேன் வந்து, கால் மணி நேரம் நின்று, போய்விட்டிருந்தது. பலகை இல்லாததால் நெடுஞ்சாலையில் யாரும் நிறுத்தவில்லை. அங்கே ஒரு வீடு இருப்பதே இப்போது தெரியாது. கிர்மாய் அப்போது ஆலையில் இருந்திருக்கிறார்; இப்போதுதான் திரும்பியிருந்தார்.

ஆனாலும் எனக்காகக் காப்பிக்கொட்டை வறுத்தார்கள். அவர்கள் வீட்டில் மூன்று சுற்றுக் காப்பி குடிக்காமல் எழக் கூடாது. முதல் சுற்றில் கிர்மாய் பிரசுரத்தைப் படித்தார். இரண்டாம் சுற்றில் மறுபடி படித்தார். விரல் வரிவரியாக நகர்ந்தது.

"ரொம்பத் தெளிவா இருக்கு சார்" என்றார் கடைசியில். "ஒரு வார்த்தைகூடக் கஷ்டமில்ல. ஒரு கேள்வி மட்டும். அஞ்சு வருஷம் ஓய்வுன்னு இருக்கு. இவளுக்கு ரெண்டு நாளைக்கு ஒரு தடவ டயாலிசிஸ் வேணும். இது ரெண்டையும் எப்படிக் கணக்குப் பண்றது?"

"அதுக்கு இதுல பதில் இல்ல கிர்மாய்."

"சரி சார். புரியுதான்னுதானே கேட்டிருக்கு. புரியுது." கையெழுத்துப் போட்டார்.

அப்ரெஹெட் பிரசுரத்தை வாங்கிப் பீவரைப் பார்த்தார். "இத யாரு எழுதினது?"

"நான்தான்ம்மா" என்றேன்.

"அழகா எழுதியிருக்கீங்க தம்பி. எங்க ஊர்ல பலகை வெச்சா ஆளையே காணோம். எங்கன்னு கேட்டா பதில் சொல்ல ஆள் கிடையாது. இங்க ஆள் இருக்கான், பலகை மட்டும்தான் காணோம். காரணத்தையும் படம் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்து தர்றாங்க." அவர் சிரித்தார். சிரித்ததில் மூச்சு வாங்கியது. கிர்மாய் எழுந்து தலையணையை உயர்த்தி வைத்தார்.

"மன்னிச்சிருங்க" என்றேன். சொல்லும்போதே, இந்த மாகாணத்தில் அந்தச் சொல்லுக்குச் சட்டப்படி எந்த எடையும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

மூன்றாவது கோப்பையைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

செவ்வாய்க்கிழமை பொழுது விடிந்ததும் அகலமான பனி மண்வெட்டியோடு அங்கே போனேன். இரவெல்லாம் பெய்திருந்தது. மேடு என் மார்பளவு இருந்தது. கிர்மாய் ஆலையில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஏற்கெனவே அள்ளிக்கொண்டிருந்தார். நானும் மறுபக்கத்திலிருந்து அள்ளத் தொடங்கினேன். குளிரில் மூச்சு வெள்ளையாக வந்து தாடியில் ஒட்டிக்கொண்டது. பாதி மேடு குறைந்தபோது வேன் வந்து சாலையோரம் நின்றது. டிரைவர் கண்ணாடியைத் தாழ்த்தி, "கால் மணி நேரம்!" என்று கத்தினார்.

வேனுக்குப் பின்னால் இன்னொரு கார் வந்து நின்றது. கதவில் 'பனி நல்லிணக்கம்' என்று எழுதியிருந்தது. இளைஞன் ஒருவன் அட்டைப் பலகையில் படிவத்தோடு இறங்கினான்.

"காலை வணக்கம். தொந்தரவுக்கு மன்னிக்கணும். நெடுஞ்சாலையில போறவங்க புகார் பண்ணியிருக்காங்க. ரெண்டு பேர் மாகாணப் பனிய ஒரு மாதிரி அள்ளுறாங்கன்னு."

"ஒரு மாதிரின்னா?"

"அதிருப்தியோட." படிவத்தைப் பார்த்தான். "அள்ளுறது குத்தம் இல்ல சார். அள்ளுற விதத்துல ஒரு கருத்து தெரிஞ்சா, அது சைகை. ஒரே கேள்விதான். கேட்டுட்டுப் போயிடுறேன். மாகாணம் பனி தள்ளுற முறையில உங்களுக்குத் திருப்தியா?"

"பதில் சொல்லாம இருக்கலாமா?" என்று கிர்மாய் கேட்டார்.

இளைஞன் பாக்கெட்டிலிருந்து, அதற்குள் அச்சாகிவிட்ட என் பிரசுரத்தை எடுத்துப் பார்த்தான். "சாதாரணமா இருக்கலாம் சார். இந்தச் சட்டத்துக்கு அதுவும் ஓய்வுல இருக்கு. ஏழுலேருந்து பதினஞ்சு வரைக்கும்." பிறகு என்னைப் பார்த்தான். "முதல்ல நீங்க சொல்லுங்க சார்."

நான் வேனைப் பார்த்தேன். வீட்டு ஜன்னலில் அப்ரெஹெட் கோட்டு போட்டுத் தயாராக உட்கார்ந்திருப்பது தெரிந்தது. மார்ச் மாதத்தைப் பற்றி அப்போது நினைக்கவில்லை என்று சொல்ல ஆசைதான்.

"திருப்தி" என்றேன்.

"நன்றி. நீங்க தொடரலாம். கொஞ்சம் சிரிச்ச மாதிரி அள்ளினா எனக்கும் எழுத சௌகரியமா இருக்கும்." அவன் கட்டம் ஒன்றில் குறியிட்டான். "நீங்க சார்?"

கிர்மாய் மண்வெட்டியைப் பனியில் குத்தி நிறுத்தினார். வகுப்பில் கேள்விக்குப் பதில் சொல்லும்போது எழுந்து நிற்பதுபோல நிமிர்ந்து நின்றார்.

"இல்ல. எனக்குத் திருப்தி இல்ல."

"சார், யோசிச்சுச் சொல்லுங்க. திருப்தின்னு ஒரு வார்த்தை. நானும் போயிடுவேன்."

"யோசிச்சாச்சு தம்பி. என் மனைவிக்கு உடம்பு சரியில்ல. வழிய அடைச்சது உங்க வண்டி. எனக்குத் திருப்தி இல்ல."

இளைஞனுக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது, அது முகத்தில் தெரிந்தது. சீட்டு எழுதினான். பிறகு, அதிருப்தி தெரிவித்தவர் மாகாணப் பனியிலிருந்து முப்பது மீட்டர் விலகி நிற்க வேண்டும் என்று சொல்லி, அளக்கும் நாடாவை எடுத்தான். கிர்மாய் அவனோடு நடந்தார். எங்கு பார்த்தாலும் மாகாணப் பனிதான் என்பதால் இடம் கண்டுபிடிக்க நேரமாயிற்று. கடைசியில் அண்டைவீட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு காய்ந்த திட்டில் அவரை நிறுத்தினான். காற்று அங்கே நேராக அடித்தது.

மீதியை நான் தனியாக அள்ளினேன். சிரித்தபடி அள்ளினேன். இளைஞன் காரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். வேன் டிரைவர் கடிகாரத்தைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். கால் மணி நேரம் முடிந்து பத்து நிமிடம் ஆகியும் போகாமல் நின்றார். அவருக்கு அது விதிமீறல். மேடு முழங்காலுக்குக் கீழே வந்ததும் இறங்கி வீட்டுக்குள் போய், சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

என்னைக் கடக்கும்போது அப்ரெஹெட் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"லேட்டாயிடுச்சு. இன்னைக்கு நேரத்தக் குறைச்சுடுவாங்க" என்றார். "அவர் எங்க?"

"அங்க, கொட்டகைக்குப் பின்னால நிக்கறார்."

"என்ன கேட்டாங்க அவர?"

"திருப்தியான்னு."

"என்ன சொன்னார்?"

"இல்லைன்னார்."

அவர் தலையை ஆட்டினார். கணவன் நிற்கும் திசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்களக் கேக்கலையா தம்பி?"

இளைஞன் இன்னும் போயிருக்கவில்லை. படிவம் அவன் கையில் திறந்தே இருந்தது. நான் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.